தரையிலிருந்து எழ முடிகிறதா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹீப்ரூ மறுவாழ்வு மையம் என்ற முதியோர் இல்லம் இருக்கிறது. 1980களின் இறுதியில் அங்கே வசித்த பத்துப் பேரை மரியா ஃபியாதரோனே என்ற மருத்துவர் எடை தூக்க வைத்தார். அவர்களில் இளையவருக்கு 86 வயது, மூத்தவருக்கு 96. கைத்தடியையோ வாக்கரையோ நம்பி நடந்தவர்களே அதிகம். பெரும்பாலானோர் ஏற்கெனவே கீழே விழுந்து எழுந்தவர்கள்.

தொடையின் முன்பக்கத் தசைக்கான பயிற்சி அது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, கப்பியோடு இணைத்த எடையைக் கணுக்காலால் முன்னுக்குத் தள்ளி முழங்காலை நீட்ட வேண்டும். எடையைப் பெயருக்கு வைக்கவில்லை. ஒருவரால் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடை எதுவோ, அதில் 80 சதவீதம். எட்டு முறை தூக்கி, இளைப்பாறி, மறுபடி எட்டு, மறுபடி எட்டு. வாரத்துக்கு மூன்று நாள் என எட்டு வாரம்.

ஒருவர் இடையில் விலகினார். மற்ற ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு பத்து கிலோ தூக்கிய கால் இப்போது இருபத்தேழு கிலோ தூக்கியது. இருவர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள். கைகளை ஊன்றாமல் நாற்காலியைவிட்டு எழவே முடியாதிருந்த மூவரில் ஒருவர், கை ஊன்றாமல் எழுந்து நின்றார். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான இந்தக் கட்டுரை, முதுமையைப் பற்றிய மருத்துவத்தின் எண்ணத்தையே அசைத்தது. தொண்ணூறு வயதுத் தசைக்கும் வளரத் தெரியும் என்பது அதுவரை யாரும் நேராகக் காட்டாத விஷயம்.

நீண்ட ஆயுளைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் பெரும்பாலும் வாயைப் பற்றியே பேசுகிறோம். எதைச் சாப்பிடலாம், எதை விடலாம், வெந்தயம் நல்லதா, சிறுதானியம் நல்லதா என்று. அந்தக் கேள்விகளுக்கும் இடம் உண்டு. புகைபிடிப்பவர் அதை விடுவதைப்போல ஆயுளை நீட்டும் காரியங்கள் சிலவே. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் அப்படித்தான். ஆனால் கூடிய ஆண்டுகளை ஒருவர் எப்படிக் கழிக்கப்போகிறார், தானே எழுந்து கழிவறைக்குப் போவாரா, தெருமுனைக் கோயில்வரை நடப்பாரா, பேரன் திருமணத்துக்கு ரயிலேறுவாரா என்பதைத் தீர்மானிப்பவை கால்கள். நம் வீடுகளில் யாரும் கவனிக்காமலே கரைந்துபோகிறவையும் அவைதான்.

ஒரு கல்யாண மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழும் எழுபது வயது அம்மா ஒருவரைக் கவனியுங்கள். முதலில் உடலை நாற்காலியின் விளிம்புக்கு நகர்த்துகிறார். இரண்டு கைகளும் கைப்பிடிகளைப் பற்றுகின்றன. உடம்பு முன்னும் பின்னுமாக ஒருமுறை, இருமுறை ஆடுகிறது. அந்த வேகத்தைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவது ஆட்டத்தில் கைகளை ஊன்றி மேலே தள்ளுகிறார். நிமிர்ந்ததும் உடனே நடப்பதில்லை. ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்து, மூச்சு வாங்கி, தலை சுற்றாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முதல் அடியை வைக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் இதை முழங்கால் வலி என்று நினைப்பார்கள். அவருமே அப்படித்தான் சொல்வார். வலியும் இருக்கலாம். ஆனால் உடலின் எடையைத் தொடைகளால் தூக்க முடியாததால் அந்த வேலையைக் கைகளுக்கும் ஆட்டத்துக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார் என்பதே அங்கே உண்மையில் நடப்பது.

தசை முப்பதுகளிலேயே மெல்லக் குறையத் தொடங்குகிறது; அறுபதைத் தாண்டினால் குறையும் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலிமை வேகமாகக் குறைகிறது. அந்த வலிமையைக் கண நேரத்தில் வெளிக்காட்டும் திறன் அதைவிடவும் வேகமாகக் குறைகிறது. நம் தசைகளில் நிதானமாக, நெடுநேரம் வேலை செய்யும் இழைகளும் உண்டு. சட்டென்று பலமாகச் சுருங்கும் இழைகளும் உண்டு. முதுமையில் அதிகம் மெலிபவை இரண்டாம் வகை. நடைபாதைக் கல்லில் கால் தடுக்கும்போது மறுகாலைச் சட்டென முன்னே வைத்து விழாமல் காப்பவை அவைதான். அதனால்தான் தினமும் அரை மணி நேரம் நிதானமாக நடக்கிறவர்கூடத் தடுக்கியதும் விழுந்துவிடுகிறார்.

இந்த இழப்பின் வேர் தசையில் மட்டும் இல்லை, முதுகுத் தண்டிலும் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் நூற்றுக்கணக்கான தசை இழைகளை ஆள்கிறது. வயது ஏறஏற இந்த நரம்பணுக்களில் சில இறக்கின்றன. அவற்றின் இழைகள் கேட்பாரற்றுப் போகும்போது, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டார் எடுத்து வளர்ப்பதுபோல, அருகிலுள்ள நரம்பணு புதிய கிளைகளை விட்டுச் சில இழைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. எடுக்க ஆளில்லாத இழைகள் மெலிந்து மறைகின்றன; அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தொடையின் சுற்றளவு பெரிதாக மாறியிருக்காது.

பாஸ்டன் முதியவர்களின் கணக்கு இங்கே புரியவரும். அவர்களின் வலிமை 174 சதவீதம் கூடியபோது, தொடைத் தசையின் பருமன் கூடியது 9 சதவீதம்தான். மிச்ச வலிமை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நரம்புகளிடமிருந்து. வேலை இல்லாமல் கிடந்த இழைகளை மூளையும் தண்டுவடமும் மறுபடி கூப்பிடக் கற்றுக்கொண்டன. இது சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. புதிய தசை சேர்வதற்குத்தான் மாதங்கள் ஆகும். பயிற்சி தொடங்கிய எவரும் முதல் மாதத்திலேயே மாற்றத்தை உணர்வதும் இதனால்தான்.

கால்களின் நிலையை அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ கில் அராவுஜோ என்ற மருத்துவர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். வெறுங்காலோடு நின்று, தரையில் உட்கார்ந்து, மறுபடி எழ வேண்டும். உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று போகும். தடுமாறினால் அரை போகும். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைச் சோதித்து, ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். எட்டும் அதற்கு மேலும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2012இல் வெளியான இந்த முடிவைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். குறைந்த மதிப்பெண் பெற்ற பலருக்கு ஏற்கெனவே நோய் இருந்திருக்கும். எழ முடியாமை அந்த நோயின் அறிகுறியாக இருந்திருக்கும். தரையிலிருந்து எழக் கற்றுக்கொண்டால் மரணம் தள்ளிப்போகும் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. கால் வலிமை, இடுப்பின் வளைவு, சமநிலை ஆகிய மூன்றையும் ஒரே அசைவில் அளந்துவிட முடியும் என்பதுதான் அதன் பெருமை.

நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு சராசரித் தமிழ்க் குடும்பம் இந்தச் சோதனையை நாளுக்குப் பத்து முறை எழுதியது. சம்மணமிட்டுச் சாப்பிட்டார்கள். அரிவாள்மனை முன் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். குத்தவைத்துத் துணி துவைத்தார்கள், பாய் விரித்துப் படுத்து எழுந்தார்கள். கழிவறையும் தரையோடு தரையாக இருந்தது. இன்று டைனிங் டேபிள், மேடை அடுப்பு, வாஷிங் மெஷின், கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட். இவற்றைக் குறை சொல்ல மாட்டேன். குனிந்து நிமிர்ந்தே இடுப்பொடிந்த பெண்களுக்கு அவை விடுதலை. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் தேவையே. ஆனால் அந்த வேலைகளோடு சேர்ந்து, நாம் கேட்காமலே கிடைத்துவந்த பயிற்சியும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பதிலாக எதையும் உள்ளே கொண்டுவரவில்லை. தமிழ்நாடும் இடம்பெற்ற ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின் முதல் கட்டத்தில், பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது.

அன்றாட வேலைக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பயிற்சியை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஜெர்ரி மாரிஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர். லண்டனின் மாடி பஸ்கள் அவருக்கு ஒரு வழியைக் காட்டின. ஒவ்வொரு பஸ்ஸிலும் இரண்டு பேர். ஒரே ஊர், ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே சம்பளம். ஓட்டுநர் வேலை நேரத்தில் சுமார் 90 சதவீதத்தை உட்கார்ந்தே கழித்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் ஏறி இறங்கினார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவாக இருந்தது. வந்தாலும் பிந்தி வந்தது. தாக்கியதும் உயிரைப் பறிப்பது பாதிக்கும் குறைவாக இருந்தது. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களை, உட்கார்ந்து வேலை செய்த தொலைபேசி இயக்குநர்களோடும் எழுத்தர்களோடும் ஒப்பிட்டார். அங்கேயும் அதே கதைதான். 1953இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது.

குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வருகிறார்களோ என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. மாரிஸ் சீருடைக் கணக்குகளை எடுத்துவரச் செய்தார். கால்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தால், இளம் ஓட்டுநர்களுக்கே இடுப்பு பெரிதாக இருந்தது; சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் மெலிந்த ஓட்டுநரை மெலிந்த நடத்துநரோடும், பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டபோதும் வித்தியாசம் மறையவில்லை. ஒரு விஞ்ஞானி தன் முடிவுக்கு எதிரான கேள்வியைத் தானே தையற்காரரின் அளவுகளில் போய்த் தேடியது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த நிகழ்வு. மாரிஸ் 2009இல் காலமானார். நூறு வயது நிறைய ஏறக்குறைய ஆறு மாதங்களே பாக்கி இருந்தன.

உட்கார்ந்திருப்பதே இப்படியென்றால் படுத்திருப்பது என்ன செய்யும்? 1966 கோடையில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் உச்ச உழைப்பில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது இதயமும் நுரையீரலும் தசையும் சேர்ந்து தரும் திறனின் அளவு. மூன்று வாரத்தில் அது 27 சதவீதம் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், அதே ஐந்து பேரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். ஐம்பது வயதாகி, உடம்பும் பெருத்திருந்த அவர்களிடம், அந்த முப்பது வருடங்கள் எடுத்துக்கொண்ட திறன் சுமார் 12 சதவீதம் மட்டுமே. மூன்று வாரப் படுக்கை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுத்திருந்தது. ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்ததும் ஐம்பது வயதில் இருபது வயதின் தொடக்க அளவுக்குத் திரும்பினார்கள். ஐந்து பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும் வயதின் கணக்கில் நாம் எழுதிவைக்கும் தளர்ச்சியில் எவ்வளவு பங்கு சும்மா இருந்ததால் வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனையை நான் படித்ததில்லை.

இங்கே நம் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பாவையும் அம்மாவையும் நாம் அன்பால் உட்கார வைத்துவிடுகிறோம். "நீங்க உக்காருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்." "மாடிக்கெல்லாம் ஏறாதீங்கம்மா, துணியை நான் காயப்போடுறேன்." "கடைக்கு எதுக்குப் போறீங்க, போன்ல சொன்னா கொண்டுவந்து கொடுத்துடுவான்." தண்ணீர் கையருகே வருகிறது, காபி நாற்காலிக்கு வருகிறது, ரிமோட் மடியில் இருக்கிறது. பாசத்தில் குறையில்லை; எதையும் செய்யவிடாமல் தாங்குவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். பெரியவர்களுக்கும் அது பெருமை. மருமகள் ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை என்று சொல்லும்போது குரலில் நிறைவு தெரியும். ஆனால் தினமும் ஏறிய இருபது படிகளை நிறுத்திய ஒருவரால் ஒரு வருடத்தில் அந்த இருபது படிகளை ஏற முடியாமல் போகிறது. அப்போது, "பார்த்தீங்களா, அப்பவே சொன்னேன், வயசாயிடுச்சு" என்கிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றுவது எந்த மாத்திரையை மாற்றுவதையும்விட அவசரம் என்று நினைக்கிறேன். அவர்களால் முடிகிற வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். மெதுவாகத்தான் செய்வார்கள். காத்திருங்கள்.

நடைப்பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். நல்லது, விடாதீர்கள். பத்தாயிரம் அடி என்ற எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு வீதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பதற்குத் தனிச் சிறப்பு உண்டு: சுருங்கி விரியும் தசை இன்சுலினின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நம் ஊர்களில் இது சிறிய விஷயமில்லை.

ஆனால் நடை மட்டும் போதாது. சமதளத்தில் நடப்பது தொடைகளுக்குப் பெரிய சுமை இல்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்குவதோடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சியை இரண்டு நாளாவது, சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாம் பாதியை மருத்துவர்களே நோயாளிகளிடம் சொல்வது அரிது.

அதற்கு ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. ஒரு நாற்காலி போதும். சக்கரம் இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்பாதியில் உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ளுங்கள். எழ முடியாதவர்களில் பலர் காலை முன்னே நீட்டி வைத்துக்கொண்டுதான் போராடுகிறார்கள். கைகளை மார்பில் குறுக்காக வையுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாதீர்கள். மனதுக்குள் நான்கு எண்ணியபடி மெல்ல இறங்குங்கள். தசைக்கு ஏறுவதைப்போலவே இறங்குவதும் வேலைதான். முடியாதவர்கள் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது ஒரு கையை மட்டும் ஊன்றலாம். பத்து முறை, இளைப்பாறி இன்னொரு பத்து. எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ பருப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் தசைக்கு வளர வேண்டிய காரணம் கிடைக்கும். பாஸ்டனில் வைத்த 80 சதவீதத்தின் பொருள் அதுதான்.

முப்பது நொடிக்குள் எத்தனை முறை கை ஊன்றாமல் எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11 முறையாவது எழ வேண்டும். 80 முதல் 84 வயதில் 10, 9. குறைந்தால் விழும் அபாயம் கூடுதல் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணிக்கிறது. குக்கர் விசில் வருவதற்குக் காத்திருக்கும்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்கலாம். பிறகு ஒரு காலில் நிற்கலாம். பழகியபின் பிடியை ஒரு விரலாகக் குறைக்கலாம். நெஞ்சு வலி, நடக்கும்போதே மூச்சுத் திணறல், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முழங்கால் தேய்மானம் மட்டும் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. தொடைத் தசை வலுவானால் மூட்டின் வலி குறையும். தேய்மானத்துக்கான சிகிச்சையிலேயே இந்தப் பயிற்சிக்கு முதலிடம் உண்டு.

உணவுக்கு வருகிறேன், ஏனென்றால் தசை புரதத்தால் ஆனது. "வயசாயிடுச்சு, லைட்டா ரெண்டு இட்லி போதும்" என்பது நம் வீட்டு இரவுகளின் வழக்கமான வாசகம். இரண்டு இட்லியில் கிடைக்கும் புரதம் நான்கு கிராம் அளவுதான். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், மோர் சாதம், இரவு இட்லி என்றால் நாள் முழுக்கச் சோறே ஓடிக்கொண்டிருக்கிறது. வயதான தசை புரதத்துக்குச் சற்று மந்தமாகவே செவிசாய்க்கும். இளைஞருக்குப் போதுமான அளவு அதற்குப் போதாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று முதுமை மருத்துவ நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அதே அளவு, 100 கிராம் மீனில் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராம் போல. பல் இல்லையென்றால் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். பருப்பைக் கெட்டியாகக் கடையலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவுக்குள் நிற்க வேண்டும்.

ஆனால் விளம்பரங்களில் வரும் முதியோருக்கான புரத மாவு டப்பாவை வாங்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பயனில்லை. ஃபியாதரோனே 1994இல் நூறு பேரை வைத்து மறுபடி ஓர் ஆய்வு செய்தார். சராசரி வயது 87. சிலருக்குக் காலுக்கு எடைப் பயிற்சி, சிலருக்கு ஊட்டச்சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. பத்து வாரத்தில் பயிற்சி பெற்றவர்களின் வலிமை 113 சதவீதம் கூடியது, நடை வேகமானது, படியேறும் திறன் கூடியது. பானம் மட்டும் குடித்தவர்களின் வலிமையில் மாற்றமில்லை. அதே ஆய்வில் இன்னொன்றையும் கவனித்தார்கள். எடை தூக்கியவர்கள் பயிற்சி நேரம் போக மற்ற நேரத்திலும் தாமாகவே அதிகம் நடமாடத் தொடங்கினார்கள். யாரும் சொல்லவில்லை, முடிந்தது, நடந்தார்கள்.

உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். பெரும்பங்கு அறுபதைக் கடந்தவர்கள். நம் வீடுகளில் விழும் இடம் பெரும்பாலும் பாத்ரூம். ஈரத் தரை, கதவோர மிதியடி, இரவில் போடாத விளக்கு, படுக்கையிலிருந்து சட்டென எழுந்ததும் சரியும் ரத்த அழுத்தம், தூக்க மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால், அறுவை சிகிச்சை வெற்றி பெற்றாலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிப்பதற்குச் சில நூறு ரூபாயும் ஒரு மணி நேரமும் போதும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். சமநிலைப் பயிற்சியும் கால் பயிற்சியும் விழும் எண்ணிக்கையை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கின்றன என்று 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கோக்ரேன் அறிக்கை சொல்கிறது.

கடைசியாக, மருத்துவமனைக் கட்டில். ஆரோக்கியமாக இருந்த முதியவர்களை, சராசரி வயது 67, பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. வலிமை 16 சதவீதம் குறைந்திருந்தது. காய்ச்சலோ நிமோனியாவோ உள்ளவருக்கு இழப்பு இன்னும் அதிகம். நடந்து ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா சக்கர நாற்காலியில் வீடு திரும்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்; நோய் குணமாகியிருக்கும், கால் போயிருக்கும். எனவே உறவினர்கள் இரண்டாம் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது: "டாக்டர், இவர் எழுந்து நடக்கலாமா?" பல நோய்களில் பதில் ஆம் என்றே வரும். சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வார்டின் கடைசிவரை நடக்கலாம். சாப்பாட்டை நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுக்கலாம். கழிவறைக்குப் போக முடிந்தவருக்கு வசதிக்காக டயப்பர் மாட்டக் கூடாது. எழவே கூடாது என்று மருத்துவர் சொன்னால், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கவும் தொடையை இறுக்கித் தளர்த்தவும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார், கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பட்டியல் இருக்கும், மறுபடி வரவேண்டிய தேதி இருக்கும். கால் பயிற்சி பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நாற்காலியைச் சுவரோடு போட்டு, தலையணையை வைத்து, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, மூன்று முறை எழுவதில் தொடங்குங்கள். அடுத்த நாள் நான்கு.